பனிவண்டிக்காரியின் பலகாரம்

வாழைப்பழம் கறுத்துப்போவது
என் வீட்டில் துக்கச் செய்தி இல்லை.
செவ்வாய்க்கிழமை ஆனால் ரெய்னோ தன் கடையில்
பாதி விலைக்குத் தள்ளிவிடுவான்.
ஒரு மஞ்சள் புள்ளிகூட மிஞ்சாதவரை
ஜன்னலோரம் காக்க வைப்பேன்.

இரவு இரண்டரை. உப்சாலா, ஒண்டாரியோ.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
மூன்று பழத்தை முள்கரண்டியால் மசித்தேன்.
கட்டி கொஞ்சம் இருக்கட்டும், யார் பார்க்கப்போகிறார்கள்.
புட்டியின் அடியைச் சுரண்டிச் சுரண்டி
கடலை வெண்ணெய் அரைக் கோப்பை தேற்றினேன்.
இரண்டு கோப்பை ஓட்ஸ், சிட்டிகை உப்பு,
பட்டைத்தூள் கை போனபடி.
முட்டை இல்லை, மாவு இல்லை.
அளவுக் கோப்பைக்குக் கைப்பிடி போய் நான்கு வருஷம்.

ஈரக் கையால் தட்டில் அழுத்தினேன்.
எனக்கு அழுத்துவது பழக்கமில்லை,
அள்ளித் தள்ளுவதுதான் சம்பளம்.

இருபத்தைந்து நிமிடம் அடுப்பில்.
அதற்குள், இரவெல்லாம் மின்கம்பியில் கட்டிக்கிடந்த
பிக்கப்பை அவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும்.
தெரியும். எப்போதும் தெரியும்.
சூட்டோடு வெட்டினேன். உதிர்ந்தது.
உதிர்ந்ததை நின்றபடியே தின்றேன்.
மிஞ்சிய எட்டுத் துண்டு மெழுகுத்தாளில் ஏறியது.

இக்னேஸ் போகும் சாலை.
நீல விளக்கு சுழன்று சுழன்று
மரங்களை ஒவ்வொன்றாய் எழுப்பிவிட்டுத் தூங்கச் சொல்கிறது.
பள்ளத்தில் ஒரு சின்னக் கார்,
மூக்கு பனிக்குள்,
பின்விளக்கு மட்டும் வெளியே சிவந்துகொண்டு.

பையன் பெயர் எமெட். ட்ரைடன்காரன்.
கைகள் அக்குளில்.
ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி;
மைனஸ் இருபத்தேழுக்கு அந்த விதி தெரியாது.
இழுவை வண்டி வர மூன்று மணி நேரம்,
நான்காகவும் ஆகலாம் என்றது ரேடியோ.
மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றான் அவன்.

இதற்காகவே பிறந்தவள்போல
மெழுகுத்தாளைப் பிரித்தேன்.

அவன் கை நீட்டவில்லை.
"மன்னிக்கணும். இதில கடலை இருக்கா?"
கேட்டபோது அவன் பார்வை
கதவுக் கைப்பிடியில் இருந்தது.
சட்டைப் பையிலிருந்து ஊசி மருந்தை எடுத்துக் காட்டினான்,
பிடிபட்டவன்போல:
"காலாவதி ஆயிடுச்சு. புதுசு விலை ஜாஸ்தி."

மடித்தேன். இன்னும் இரண்டு மடிப்பு மடித்தேன்.
இறங்கிப்போய், வெளியே இருக்கும்
கருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.
பனியை அள்ளி
விரல் மரக்கும்வரை கைகளைத் தேய்த்தேன்.
ஈரத்துணியால் ஸ்டியரிங், கியர், கதவு.
நான் வாயைத் திறந்து பேசலாமா என்றுகூட
ஒரு சந்தேகம். ஜன்னலை விரலளவு இறக்கி
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

ஃபிளாஸ்க்கில் காபி இருந்தது. நான் இன்னும் வாய் வைக்கவில்லை.
மூடியில் ஊற்றி முழுவதும் அவனுக்கே கொடுத்தேன்.
முப்பத்தெட்டு கிலோமீட்டர் பனி தள்ளினோம்.
தள்ளினோம் என்கிறேன், எதிரே வந்த லாரிகளை
அவன்தான் எண்ணினான். ஏழு.
என் வயிறு ஒருமுறை உரக்கக் கூவியது.
"அது உங்களுதா, என்னுதா?" என்றான்.
இருவரும் சிரித்ததில் கண்ணாடி மங்கியது.

விடியும்போது இழுவை வண்டி வந்தது.
"தாங்க்ஸ், இர்யா."
கை குலுக்க வந்தவன் பாதியில் நிறுத்தி
ஒரு சல்யூட் அடித்தான்.

கருவிப் பெட்டியைத் திறந்தேன்.
எட்டும் கல்லாகியிருந்தன.
சுத்தியலின் பக்கத்தில் சுத்தியல்போலக் கிடந்தன.
கடித்தேன். பல்தான் யோசித்தது.
ஒரு துகள் உதிரவில்லை.
இப்படித்தான் ஆறவிட வேண்டும்போல.

அடுத்த செவ்வாய் ரெய்னோவிடம்
சூரியகாந்தி விதை வெண்ணெய் கேட்டேன்.
வரவழைத்துத் தந்தான். அநியாய விலை.
ஊரில் யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விசாரித்தான்.
ஒருத்தருக்கும் இல்லை, சாலைக்கு என்றேன்.

இப்போது வண்டியில் அதுதான் இருக்கிறது.
இந்தப் பனிக்காலத்தில் இன்னும்
யாரும் பள்ளத்தில் விழவில்லை.
நானே தின்று தீர்க்கிறேன்.
ருசி, சுமார்தான்.